ஜெய்சல்மேர் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஜஸ்தானின் மேற்கு ஓரத்தில், தார் பாலைவனத்தில், பாகிஸ்தான் எல்லைக்கு அருகே இருக்கிறது ஜெய்சல்மேர். அங்கே போகத் திட்டமிடும் நண்பர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அறை வாடகை, நுழைவுக் கட்டணம், ரயில் நேரம் எல்லாம் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால் அவற்றைத் தொடவில்லை. கிளம்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பாலைவனத்தின் நடுவில் இப்படி ஒரு ஊர் எப்படி வந்தது?

1156 இல் பாட்டி (Bhati) என்ற ராஜபுத்திர குலத்தின் அரசர் ராவல் ஜெய்சல் இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். அதற்கு முன் தலைநகர் சற்றுத் தள்ளி லோதுர்வாவில் இருந்தது. சமவெளியில் இருந்த அந்த ஊரைக் காப்பது கடினம் என்பதால் திரிகூட மலை என்ற இந்தக் குன்றுக்கு மாறினார்கள்.

ஊரை வளர்த்தது வணிகம். சிந்துப் பகுதிக்கும் அதற்கு அப்பாலும் போன ஒட்டகச் சாத்துகள் இந்த வழியாகத்தான் போயின. பட்டு, அபின், உலர்பழங்கள் எல்லாம் ஒட்டக முதுகில் வந்தன. அரசருக்குச் சுங்கம் கிடைத்தது, வணிகர்களுக்கு லாபம் கிடைத்தது. அந்தப் பணம்தான் இன்று நாம் அண்ணாந்து பார்க்கிற மாளிகைகளாக நிற்கிறது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் சரக்கு கடல் வழிக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்த பாதையையும் 1947 இல் வந்த எல்லைக்கோடு அடைத்தது. 1965, 1971 போர்களுக்குப் பிறகு ராணுவத் தேவைக்காகச் சாலைகள் வந்தன, அவற்றின் வழியே சுற்றுலாவும் வந்தது.

எந்த மாதத்தில் போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பகலில் வெயில் இதமாக இருக்கும். ஆனால் ஜனவரி இரவுகளில் குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். பாலைவனம்தானே என்று பருத்திச் சட்டையோடு போய் மணலில் உட்கார்ந்தால் நடுங்க வேண்டியதுதான். நல்ல கம்பளிச் சட்டை, காதை மூடும் குல்லா இரண்டும் கட்டாயம். ஏப்ரல் முதல் ஜூன் வரை வேண்டவே வேண்டாம், 45 டிகிரியைத் தாண்டும்.

இன்னொன்று: ஊர் நாட்டின் மேற்குக் கோடியில் இருப்பதால் டிசம்பர், ஜனவரியில் ஏழு மணிக்குப் பிறகுதான் விடியும். சென்னைப் பழக்கத்தில் ஐந்தரைக்கு எழுந்து சூரிய உதயத்துக்குக் கிளம்பத் தேவையில்லை.

மாசி மாதப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் பாலைவனத் திருவிழா நடக்கும். தலைப்பாகை கட்டும் போட்டி, ஒட்டகப் போட்டிகள், இசை எல்லாம் உண்டு. அந்த நாட்களில் அறை கிடைப்பது சிரமம், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து எப்படிப் போவது?

சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு நேரடி ரயில் இருக்கிறது. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் சுமார் 285 கி.மீ., காரிலும் ரயிலிலும் ஏறக்குறைய ஐந்தாறு மணி நேரம். டெல்லி வரை போய் அங்கிருந்து ரயில் பிடிப்பது இன்னொரு வழி. ஜெய்சல்மேருக்கு விமானமும் உண்டு, ஆனால் குளிர்காலத்தில்தான் ஒழுங்காக ஓடும். என்னைக் கேட்டால் ஜோத்பூர் வழிதான் நல்லது. அந்த ஊரையும் பார்த்த மாதிரி இருக்கும், பச்சை குறைந்து குறைந்து பாலை வருவதையும் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

எத்தனை நாள் தேவை?

மூன்று இரவுகள். ஒரு நாள் கோட்டைக்கு, ஒரு நாள் ஹவேலிகள் எனப்படும் பழைய மாளிகைகளுக்கும் காதிசர் ஏரிக்கும், ஒரு நாள் மணல்மேட்டுக்கும் குல்தாரா என்ற கைவிடப்பட்ட ஊருக்கும். எல்லையோரம் இருக்கும் தனோட் கோயில் பக்கம் போவதானால் இன்னொரு நாள். காலையில் வந்து மாலையில் மணல்மேட்டைப் பார்த்து மறுநாள் ஓடுவது போல் திட்டம் போட்டுத் தருகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள்.

கோட்டைக்குள்ளேயே தங்கலாமா? அங்கே விடுதிகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. சட்டப்படி தடையும் இல்லை. ஆனாலும் கோட்டைக்கு வெளியே தங்குங்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இது மக்கள் குடியிருக்கும் கோட்டை. 99 கொத்தளங்கள் சூழ்ந்த அந்தக் குன்றின் மேல் இன்றும் சில ஆயிரம் பேர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். கோட்டை கட்டப்பட்ட காலத்தில் அங்கே தண்ணீர் என்பது தலையில் சுமந்து மேலே ஏற்றிய குடம். ஒரு குடும்பம் ஒரு நாளைக்குச் சில குடங்களில் வாழ்ந்தது. பயன்படுத்திய நீர் திறந்த சாக்கடையில் கொஞ்சமாக ஓடி வெயிலில் காய்ந்துவிடும். பிறகு குழாய் வந்தது, ஒவ்வொரு அறைக்கும் குளியலறை வந்தது. குளிக்கும் தண்ணீர், கழிப்பறைத் தண்ணீர், துணி துவைக்கும் தண்ணீர் எல்லாம் ஒழுகும் குழாய்கள் வழியாகக் குன்றுக்குள் இறங்கத் தொடங்கியது. அடியில் இருப்பது மணற்கல்லும் களிமண் கலந்த படிவங்களும். களிமண் ஊறினால் வழுக்கும், மேலே நிற்கிற சுவர் சரியும். 1990களில் சில கொத்தளங்களும் சுவர்ப் பகுதிகளும் அப்படித்தான் சரிந்தன. ஆபத்தில் இருக்கும் நினைவுச்சின்னங்களின் உலகப் பட்டியலில் 1996 முதல் சில முறை இந்தக் கோட்டை இடம்பெற்றது. 2013 இல் ராஜஸ்தானின் வேறு ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சீரமைப்பு வேலைகளும் நடந்திருக்கின்றன. ஆனால் தண்ணீர் இறங்குவது நின்றுவிடவில்லை.

கோட்டைவாசிகளின் பிழைப்பு என்னாகும் என்று கேட்பது நியாயம்தான். பகல் முழுக்க அங்கே இருங்கள், அவர்கள் கடையில் சாப்பிடுங்கள், பொருள் வாங்குங்கள், உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். குளியலையும் தூக்கத்தையும் மட்டும் கீழே வைத்துக்கொள்ளுங்கள். கீழே மொட்டைமாடி உள்ள விடுதியாகப் பார்த்துத் தங்கினால் மாலை வெயிலில் கோட்டை முழுவதும் தேன் நிறமாக மாறுவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். உள்ளே தங்குகிறவர்களுக்கு அந்தக் காட்சி கிடைக்காது.

கோட்டைக்குள் என்ன பார்க்க வேண்டும்?

நான்கு வாசல்களைக் கடந்து மேலே போக வேண்டும்: அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல். பாதை வளைந்து வளைந்து ஏறுவது யானையும் குதிரையும் வேகமெடுத்து மோத முடியாதபடி செய்த ஏற்பாடு. மேலே தசரா சௌக் என்ற முற்றமும் அதை ஒட்டி அரண்மனை அருங்காட்சியகமும் இருக்கின்றன. முற்றுகைகளின் கதை அங்கே கிடைக்கும். இந்தக் கோட்டை "இரண்டரை சாகா" கண்டது என்பது ஊரின் மரபு. சாகா என்றால் தோல்வி உறுதியானதும் ஆண்கள் சாகும்வரை போரிட வெளியேறுவதும் பெண்கள் தீக்குளிப்பதும். 16 ஆம் நூற்றாண்டில் நடந்த கடைசி நிகழ்வில் சிதை மூட்ட நேரமில்லாமல் பெண்களை வாளால் வெட்டினார்கள். அதன் பிறகு உதவிப் படை வந்து கோட்டை தப்பியது. அதனால்தான் அதை அரை சாகா என்கிறார்கள். வழிகாட்டிகள் இதை வீரக்கதையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெண்களை நினைத்துத் துக்கம்தான் வருகிறது.

சமணக் கோயில்களைத் தவற விடாதீர்கள். ஒன்றோடொன்று இணைந்த ஏழு கோயில்கள். மஞ்சள் மணற்கல்லில் தூண், விதானம், தோரணம் என்று ஒரு விரற்கடை இடம் விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளைப் பொதுவாக முற்பகலில்தான் அனுமதிப்பார்கள், எனவே முதல் வேலையாக அங்கே போங்கள். தோல் பெல்ட், தோல் பர்ஸ் கூடாது. சம்பவநாதர் கோயிலின் கீழே ஞான பண்டார் என்ற பழைய நூலகம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு நெருங்கிய ஓலைச்சுவடிகள் உள்ளே பாதுகாக்கப்படுகின்றன. நம் ஊர் ஏடுகள் எழுத்தாணியால் கீறியவை, இங்கே உள்ளவை மையால் எழுதியவை. வறண்ட காற்றும் நிலவறையும் சேர்ந்து அவற்றைக் காப்பாற்றியிருக்கின்றன.

கோயில்களை முடித்துவிட்டு வரைபடம் இல்லாமல் சந்துகளில் நடங்கள். வீட்டு வாசல் சுவரில் பிள்ளையார் படம் வரைந்து, பக்கத்தில் மணமக்கள் பெயரும் தேதியும் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். அது கல்யாண அழைப்பு. கல்யாணம் முடிந்தாலும் அழிக்க மாட்டார்கள். சாயம் மங்கிய பழைய பிள்ளையார்களுக்குப் பக்கத்தில் பளிச்சென்று ஒரு புதுப் பிள்ளையார் இருந்தால் அந்த வீட்டில் அண்மையில் மேளம் கொட்டியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

ஹவேலிகள் எத்தனை? எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமா?

முக்கியமானவை மூன்று. பட்வா ஹவேலி என்பது ஐந்து மாளிகைகளின் வரிசை. குமான் சந்த் பட்வா என்ற வணிகர் தன் ஐந்து மகன்களுக்காக 1805 இல் தொடங்கினார், எல்லாம் முடிய அரை நூற்றாண்டு ஆனது. ஒன்று அரசுப் பராமரிப்பில் இருக்கிறது, இன்னொன்று பழைய வீட்டுச் சாமான்களோடு தனியார் அருங்காட்சியகமாக இருக்கிறது. இரண்டில் ஒன்றுக்குள் போனால் போதும் என்றால் அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

நத்மல் ஹவேலியைத்தான் நான் நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். 1885 இல் ஹாத்தி, லாலு என்ற இரு சகோதரர்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகச் செதுக்கினார்கள். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று இடது ஜன்னலையும் வலது ஜன்னலையும் மாறி மாறிப் பாருங்கள். அளவு ஒன்று, அமைப்பு ஒன்று, ஆனால் பூவும் கொடியும் வேறு வேறு. இரண்டு கைகளின் குணமும் தனித்தனியாகத் தெரியும்.

சலீம் சிங் ஹவேலியை மயில் வடிவத் தாங்கிகளுக்காக வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

காதிசர் ஏரி வெறும் படகுச் சவாரி இடமா?

இப்போது அப்படித்தான் ஆகிவிட்டது, ஆனால் பல நூற்றாண்டுகள் இந்த ஊர் குடித்தது இந்தத் தண்ணீரைத்தான். 14 ஆம் நூற்றாண்டில் ராவல் கட்ஸி என்ற அரசர் இதைச் சீரமைத்தார். ஆண்டுக்கு இருபது சென்டிமீட்டர் அளவுக்குக்கூட நிச்சயமில்லாத மழை. அது விழும் நிலப்பரப்பு முழுவதையும் சுத்தமாக வைத்து, ஓடிவரும் ஒவ்வொரு துளியையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஏரிக்குப் போகும் வழியில் திலோன் என்ற கணிகை கட்டியதாகச் சொல்லப்படும் அழகான வாசல் ஒன்று நிற்கிறது. அரசர் அதை இடிக்கச் சொல்லிவிடக் கூடாது என்று மேலே கிருஷ்ணர் சன்னிதி வைத்துவிட்டாளாம். இன்றைக்கு ஊருக்குத் தண்ணீர் பஞ்சாபிலிருந்து பல நூறு கி.மீ. ஓடிவரும் இந்திரா காந்தி கால்வாயிலிருந்து வருகிறது. காலையில் கூட்டம் சேர்வதற்குள் ஏரிக்குப் போனால் படிக்கட்டில் அமைதியாக உட்கார்ந்து பறவைகளைப் பார்க்கலாம்.

மணல்மேட்டுக்கு சாம் நல்லதா, குரி நல்லதா?

முதலில் ஒரு விஷயம். எங்கும் மணல்மேடாக இருக்கும் என்று நினைத்து வராதீர்கள். தார் பாலையின் பெரும்பகுதி முட்புதரும் கற்பரப்பும்தான். பெரிய மணல்மேடுகள் சில இடங்களில் மட்டும்.

சாம் ஊரிலிருந்து 40 கி.மீ. சொச்சம். மேடுகள் உயரமானவை, வசதியான கூடாரங்கள் உண்டு. கூடவே ஜீப் இரைச்சலும் ஒலிபெருக்கியும் உண்டு. குரி தென்மேற்கில் ஏறக்குறைய அதே தூரம். மேடுகள் சின்னவை, கூட்டம் குறைவு, பக்கத்திலேயே கிராமம். குழந்தைகளோடு ஒரு மாலை மட்டும் என்றால் சாம். இரவு தங்கி வானம் பார்க்க வேண்டுமென்றால் குரி, அதுவும் அமாவாசையை ஒட்டி. நீச்சல்குளம் உள்ள கூடாரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கால்வாய்த் தண்ணீரும் லாரித் தண்ணீரும் எங்கிருந்து, யாருக்குப் போக வேண்டியது என்று யோசித்தால் அதில் இறங்க மனம் வராது.

ஒட்டகம் எழும்போது முதலில் பின்கால்களை நிமிர்த்தும், நீங்கள் முன்பக்கம் சாய்வீர்கள். உடம்பைப் பின்னால் சாய்த்து, சேணத்தின் பிடியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். முதுகுவலி உள்ளவர்களுக்கு ஒட்டக வண்டி கிடைக்கும்.

குல்தாராவில் உண்மையிலேயே பேய் இருக்கிறதா?

இல்லை. பேயைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் ஊர் பார்க்க வேண்டிய ஊர்.

நகரத்துக்கு மேற்கே சுமார் 18 கி.மீ. தூரத்தில் கூரையில்லாத கல்வீடுகள் நேர் நேரான தெருக்களில் நிற்கின்றன. பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்த ஊர். திவான் சலீம் சிங் ஊர்த்தலைவரின் மகள் மேல் ஆசைப்பட்டதால் 84 ஊர்களும் ஒரே இரவில் காலியாகின, போகும்போது இனி யாரும் இங்கே வாழ முடியாது என்று சபித்துவிட்டுப் போனார்கள் என்பது கதை. கிணறுகள் வற்றியதும் வரிச்சுமையும் சேர்ந்து மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறினார்கள் என்பதே நம்பத்தக்கது.

அந்த மக்களின் திறமை கதையில் காணாமல் போகிறது. அவர்கள் கைதேர்ந்தது கடீன் என்ற விவசாய முறை. கற்பாங்கான சரிவில் விழும் மழைநீர் கீழே ஓடிவரும் இடத்தில் நீளமான மண்கரை கட்டுவார்கள். தண்ணீர் அங்கே தேங்கி மண்ணுக்குள் இறங்கும். வடிந்த பிறகு அந்த ஈரத்தை மட்டும் நம்பி, மறு மழை இல்லாமல், குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவித்தார்கள். ஜெய்சல்மேர் வட்டாரத்தில் கடீன்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் போனால், வறண்ட நிலத்தின் நடுவே பச்சைச் சதுரமாக ஒரு வயல் தெரியும். ஓட்டுநரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பாருங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? என்ன சாப்பிடலாம்?

சைவர்களுக்குக் கவலையே வேண்டாம். தால் பாட்டி சூர்மா (பருப்பு, சுட்ட கோதுமை உருண்டை, இனிப்புப் பொடி மூன்றும் சேர்ந்தது), கட்டே எனப்படும் கடலைமாவுத் துண்டுகள் போட்ட குழம்பு, கம்பு ரொட்டி எல்லா இடத்திலும் கிடைக்கும். கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியது கேர் சாங்ரி. கேர் என்பது முட்புதரில் காய்க்கும் சின்னக் காய். சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் நெற்று. கேஜ்ரி வேறெதுவும் இல்லை, நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி மரம்தான். இரண்டையும் காயவைத்து வருடம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். புளிப்பும் காரமும் எண்ணெயுமாக ஊறுகாய்க்கும் பொரியலுக்கும் நடுவில் ஒரு ருசி. இனிப்புக்கு கோட்டுவா லட்டு.

கோட்டை வாசல் அருகே, கஞ்சா இலையில் செய்யும் பாங்கு விற்கும் அரசு அனுமதி பெற்ற கடை இருக்கிறது. வெயிலில் அலைந்த உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளாது, விட்டுவிடுங்கள்.

நாட்டுப்புற இசை கேட்க எங்கே போவது?

கூடாரங்களில் தினமும் மாலை நிகழ்ச்சி உண்டு. பாடுகிறவர்கள் பெரும்பாலும் மாங்கணியார் சமூகத்தினர். முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக இந்து ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்பு, திருமணம் எல்லாவற்றுக்கும் பாடிவந்தவர்கள். அவர்களுடைய தனி அடையாளம் கமாய்ச்சா. உருண்டை வயிற்றில் ஆட்டுத்தோல் போர்த்தி, நரம்புத் தந்திகள் கட்டி, வில்லால் இழைக்கும் வாத்தியம். அடித்தொண்டையில் அழுவது போன்ற அதன் ஒலியை ஒருமுறை நேரில் கேட்டால் மறக்காது. ஹமீரா கிராமத்தைச் சேர்ந்த சாகர் கான் இந்த வாத்தியத்துக்காக 2012 இல் பத்மஸ்ரீ பெற்றவர்.

சுற்றுலாக் கூட்டம் கேட்பது சினிமாப் பாட்டு என்பதால் அவர்களும் அதையே பாடிவிட்டுப் போவார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அருகில் போய், உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பாடுவதைப் பாடுங்கள் என்று கேளுங்கள். மாண்ட் பாடச் சொன்னாலும் மகிழ்ச்சியாகப் பாடுவார்கள். கச்சேரிகளில் நாம் கேட்கும் மாண்டு ராகத்தின் பிறந்த வீடு இந்தப் பக்கம்தான். பணத்தை அவர்கள் கையில் நேராகக் கொடுங்கள்.

எல்லைப் பகுதிக்குப் போக அனுமதி வேண்டுமா?

இந்தியர்கள் தனோட் மாதா கோயில் வரை தாராளமாகப் போகலாம், நகரிலிருந்து சுமார் 120 கி.மீ. 1965 போரில் கோயில் வளாகத்தில் விழுந்த குண்டுகள் வெடிக்கவில்லை என்பது நம்பிக்கை. அந்தக் குண்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பூஜை உட்பட கோயிலை நடத்துவது எல்லைப் பாதுகாப்புப் படை. அதைத் தாண்டி எல்லைக்கோடு வரை போக அவர்களிடம் அனுமதி பெற வேண்டும். வழியில் உள்ள லோங்கேவாலாவில் 1971 டிசம்பர் 4 இரவு சுமார் 120 இந்திய வீரர்கள் ஒரு டாங்கிப் படையை விடியும் வரை தடுத்து நிறுத்தினார்கள், விடிந்ததும் விமானப்படை வந்தது. சிதைந்த டாங்கிகள் அங்கேயே நிற்கின்றன.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதிகளுக்கு முன்கூட்டியே மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். டிரோன் கொண்டுபோகாதீர்கள். 2025 மே மாதத்தில் நடந்தது போல எல்லையில் பதற்றம் வந்தால் ஊரே விளக்கணைத்துவிடும், எனவே கிளம்பும் முன் செய்தி பாருங்கள்.

கானமயிலைப் பார்க்க முடியுமா?

அதிர்ஷ்டம் இருந்தால். ஒரு காலத்தில் தமிழ்நாடு வரை பரவியிருந்த பறவை இன்று மொத்தமே 200க்கும் குறைவு, பெரும்பாலானவை இந்த மாவட்டத்தில். தாழப் பறக்கும்போது மின்கம்பிகளில் மோதிச் சாவது பெரிய காரணம். பாலைவனத் தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதியோடு, பறவை தெரிந்த உள்ளூர் வழிகாட்டியுடன் போங்கள். தூரத்தில் தெரிந்தால் அங்கேயே நின்று தொலைநோக்கியில் பாருங்கள், படத்துக்காக வண்டியை நெருக்கச் சொல்லாதீர்கள்.

வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா?

போகலாம். கோட்டை ஏற்றம் வழவழப்பான கல் பாவியது, பிடிப்பான செருப்பு தேவை. ஆட்டோ மேல்வரை போகும். ஹவேலிப் படிகள் குறுகலும் செங்குத்துமானவை, மூட்டு வலி உள்ளவர்கள் வெளியிலிருந்து பார்ப்பதே நல்லது.

என்ன வாங்கலாம்?

கண்ணாடி பதித்த துணி வேலைப்பாடு, ஒட்டகத் தோல் செருப்பு, மணற்கல் பொருட்கள். ஹாபூர் கல் கிண்ணத்தில் பால் ஊற்றினால் உறை இல்லாமலே தயிராகும் என்பார்கள். அதை நம்பி வாங்காதீர்கள். புதைபடிவங்கள் தெரியும் அந்தக் கல்லின் அழகுக்காக வாங்கலாம்.

திரும்பும் வழியில் எங்கே நிற்கலாம்?

பொக்ரானில். ஜெய்சல்மேரிலிருந்து ஜோத்பூர் போகும் சாலையில் சுமார் 110 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. 1974 மே 18 இலும் 1998 மே மாதத்திலும் அணுகுண்டுச் சோதனை நடந்தது இந்த வட்டாரத்தில்தான். இரண்டாவது சோதனையின்போது அப்துல் கலாமும் ஆர். சிதம்பரமும் இங்கேதான் வேலை செய்தார்கள். சோதனைக் களத்துக்குள் யாரையும் விடமாட்டார்கள். ஊரில் இருக்கும் சிவப்புக் கல் கோட்டையைப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் சம்சம் இனிப்பு வாங்கிக்கொண்டு கிளம்பலாம். பத்துப் பன்னிரண்டு கி.மீ. வடக்கே ராம்தேவ்ரா. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாக வணங்கும் நாட்டார் தெய்வம் பாபா ராம்தேவின் (யோகா குரு அல்ல) சமாதி அங்கே இருக்கிறது. ஜோத்பூரில் ரயில் பிடிக்க வேண்டும் என்றால் விடிந்ததும் புறப்பட்டுவிடுங்கள், குளிர்காலக் காலைகளில் அந்தச் சாலையில் மூடுபனி இருக்கக்கூடும்.